முடியாத கை முதலில்

ஜூலை 6

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

உன் கண்டக்டர் எழுதுவது. நான் சுகம். நீயும் உன் தையல் மெஷினும் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். செக்கிங் எப்படி இருக்கிறார்? பஸ் டிக்கெட் செக்கிங்கிலிருந்து ரிட்டயராகி ஆறு வருஷம் ஆகியும் என் அப்பா வீட்டுக்கு வருகிறவர்களை டிக்கெட் கேட்காத குறையாகத்தான் முறைப்பார். இப்போது முறைக்க நான் இல்லாமல் அவருக்குப் பொழுது போகிறதா?

ஹாஸ்டல் ஆபீஸில் ஒரு போன் இருக்கிறது. உயிர் போகிற அவசரத்துக்கு மட்டும்தானாம். ஆகவே இனி கடிதம்தான். என் நர்சிங் வகுப்பில் எல்லாருக்கும் பத்தொன்பது வயது. எனக்கு முப்பத்து மூன்று. முதல் வாரம் 'அங்கிள்' என்றார்கள். கெஞ்சிக் கூத்தாடி 'அண்ணா'வுக்கு இறக்கியிருக்கிறேன்.

பழகக் கொடுத்திருக்கும் பொம்மையைப் படுக்கையில் குளிப்பாட்டுவதில் நான்தான் வகுப்பில் முதல். ஆனால் செப்டம்பர் முதல் தேதியிலிருந்து ஆண்கள் வார்டில் இரண்டு மாதம் போஸ்டிங். மூன்று நாள் வராவிட்டால் அந்த வருஷமே போச்சு, திரும்ப முதலிலிருந்து. எட்டு வருஷம் பஸ்ஸில் நின்றவன் நான். ஒரு நாளைக்கு எத்தனை தோள்களை இடித்திருப்பேன், எத்தனை பேரைப் பிடித்து உள்ளே தள்ளியிருப்பேன்! படுத்திருக்கிற ஒரு மனிதனைத் தொடுவதற்கு மட்டும் ஏன் இப்படிப் பயப்படுகிறேன் என்று தெரியவில்லை.

கிளம்பிய அன்று அப்பா, "ஆம்பளப் பய பீத்துணி அலசப் போறான்" என்று சொன்னாரே, அது இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. நான் கேட்டதாகச் சொல்.

உன்,
கண்டக்டர்

ஜூலை 19

அன்புள்ள கண்டக்டருக்கு,

உங்கள் டெய்லர் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. அங்கே சாப்பாடு எப்படி என்று எழுதவே இல்லையே. வாய் திறந்து சொல்லாவிட்டால் இளைத்துப்போய்த்தான் வருவீர்கள்.

மாமா காலையில் பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு எழுத்துப்பிழைகளைச் சிவப்பு மையில் சுழிக்கிறார். உங்கள் கடிதத்தை அவர் கண்ணில் படுகிற மாதிரி மேஜையில் வைத்தேன். தொடவே மாட்டேன் என்கிற முகம். சாயங்காலம் பார்த்தால் மடிப்பு மாறியிருந்தது.

பயம் என்று எழுதியிருக்கிறீர்கள். முதன்முதலில் வெளியாள் ஒருவருக்கு நான் அளவெடுத்தது ஞாபகம் வருகிறது. அந்த அம்மா, "கூசுதுடி, சீக்கிரம் எடு" என்று நெளிய, நான் இடுப்பளவைத் தோளுக்கும் தோளளவை இடுப்புக்கும் எழுதிவைத்தேன். அந்த ரவிக்கையை யாராலும் போட முடியவில்லை. பயம் என்னைவிட்டு முழுசாகப் போனதா என்றால் இல்லை. கைக்குப் பழகிவிட்டது, அவ்வளவுதான். உங்கள் கைக்கும் பழகும்.

பனியன் இரண்டு தைத்து அனுப்புகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
டெய்லர்

ஆகஸ்ட் 8

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

பனியன் வந்தது, அளவு கச்சிதம். சாப்பாடு பரவாயில்லை. சுகத்துக்குக் குறைவில்லை, மானத்துக்குத்தான் குறைவு.

இந்த வாரம் பொம்மையை எடுத்துவிட்டு, ஒருவரை ஒருவர் குளிப்பாட்டிப் பழகச் சொன்னார்கள். என்னோடு ஜோடி சேர்ந்தவன் என்னை அழகாகக் கழுவிவிட்டான். என் முறை வந்தது. அவன் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்ததால் சுவரைப் பார்த்துக்கொண்டே துடைத்தேன். காதுக்குள் தண்ணீர் போய் அவன் துள்ளி எழுந்துவிட்டான். எங்களுக்குப் பாடம் நடத்தும் டியூட்டர் சிஸ்டர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "ஏன் சார், நீங்க மனுஷனைக் குளிப்பாட்டுறீங்களா, பஸ்ஸைக் கழுவுறீங்களா?" என்றார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். உன்னிடம் சொல்வதற்கென்ன.

அன்றைக்குப் பஸ்ஸில் ஒருவர் என் மடியில் தலை சாய்ந்து மூச்சுக்குத் தவித்தாரே, அவருக்கு ஒன்றும் செய்யத் தெரியாமல் விசிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேனே, அதனால்தானே இந்தப் படிப்புக்கு வந்தேன். வந்த பிறகும் அதே ஆளாகத்தான் இருக்கிறேன். விட்டுவிட்டு வந்துவிடலாமா என்றிருக்கிறது. முடிவை உன்னிடம் விடுகிறேன். 'வாருங்கள்' என்று ஒரு வார்த்தை எழுது, அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அப்பாவுக்கு என் விசாரிப்பு.

உன்,
கண்டக்டர்

ஆகஸ்ட் 30

அன்புள்ள கண்டக்டருக்கு,

மூன்று வாரமாகப் பதில் இல்லையே என்று கோபமாக இருப்பீர்கள். பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் ஒன்று வந்து நிமிர முடியவில்லை. மன்னிக்க வேண்டும். நான் நன்றாக இருக்கிறேன். மாமா வீட்டில்தான் இருக்கிறார்.

நீங்கள் கேட்ட ஒரு வார்த்தையைப் பற்றி நிறைய யோசித்தேன். வர வேண்டாம். நீங்கள் அங்கேயே இருங்கள். இதை நான் யோசிக்காமல் எழுதவில்லை.

இன்னொன்று. நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று எனக்கும் கொஞ்சம் தெரிந்தால் நன்றாக இருக்கும். நாளைக்கு யாராவது கேட்டால் நான் விழிக்கக் கூடாதல்லவா. எழுந்திருக்க முடியாமல் படுத்திருப்பவர் ஒருவர், நம்மைவிடக் கனமானவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரைத் தூக்காமல் எப்படித் திருப்புவது, கீழே விரித்த துணியை எப்படி மாற்றுவது? ஒரு பக்கம் கையும் காலும் வராது என்றால் சட்டை எப்படிப் போட்டுவிடுவது? விவரமாக எழுதுங்கள். சும்மா தெரிந்துகொள்ளத்தான். முடிந்தால் சீக்கிரம்.

உங்கள்,
டெய்லர்

செப்டம்பர் 4

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

'வர வேண்டாம்' என்று படித்ததும் முதலில் சுருக்கென்றது. அடுத்த பாராவைப் படித்ததும் ஒரே சந்தோஷம். என் படிப்பைப் பற்றி ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை.

முதல் நாளைச் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்கு வெள்ளைச் சட்டையோடு வார்டுக்குப் போனேன். எனக்குக் கொடுத்தது பதினான்காம் படுக்கை. பக்கவாதம் வந்த தச்சர். பெரிய உடம்பு. என்னைப் பார்த்ததும், "யாரு, டாக்டரா?" என்று கேட்டார். தண்ணீர் எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய், துணிகள் அடுக்கும் அறையில் கால் மணி நேரம் நின்றேன். டியூட்டர் சிஸ்டர் தேடிப் பிடித்து இழுத்துவந்தார். அன்றைக்கு இன்னொருவன் குளிப்பாட்ட, நான் தண்ணீர் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மற்ற நாட்களும் கிட்டத்தட்ட அப்படியே.

இனி உன் பாடம். திருப்புகிற பக்கத்தில் நீ நில். தூரத்துக் கையை அவர் நெஞ்சின் மேல் வை, தூரத்து முழங்காலை மடக்கு. ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில் வைத்து உன் பக்கமாகச் சாய். கனம் தானாக உருண்டு வரும். பழைய விரிப்பை முதுகை ஒட்டிச் சுருட்டு, புதியதைப் பாதி விரி, அந்தப் பக்கம் திருப்பி மீதியை இழு. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். குதிகால் படுக்கையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வை. சட்டைக்கு, முதலில் நல்ல கையை நுழைத்துவிடு, அது சொன்னபடி கேட்கும். பிறகு முதுகுப் பக்கம் துணியைச் சுற்றிக்கொண்டுவந்து முடியாத கையை நுழை.

எழுதும்போது எனக்கே நான் பெரிய ஆள் போலத் தோன்றுகிறது. வார்டில்தான் அந்த ஆளைக் காணோம். இன்னும் கேள். எல்லார் சுகத்துக்கும் எழுது.

உன்,
கண்டக்டர்

செப்டம்பர் 13

அன்புள்ள கண்டக்டருக்கு,

நலம்தான். விரிப்பு மாற்றும் முறை அருமை. உருண்டு வரும் என்று எழுதினீர்கள், அப்படியே உருண்டு வருமாக இருக்கும்.

ஆனால் சட்டையில் தப்பு விட்டிருக்கிறீர்கள். புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். நல்ல கையை முதலில் நுழைத்தால், மீதிச் சட்டை முதுகுக்குப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதற்கப்புறம் முடியாத கை வளைந்து கொடுக்க வேண்டும். அதுதான் வளையாதே. தோள் வலிக்கும், கத்தவும் செய்வார்கள். முடியாத கைக்குத்தான் முதலில் போட வேண்டும். அதுவும் நீங்கள் உங்கள் கையைச் சட்டைக்கை வழியே வெளியிலிருந்து உள்ளே விட்டு, அவர் விரல்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் விரல்கள் மடங்கிக்கொண்டு மணிக்கட்டுப் பட்டையில் மாட்டிக்கொள்ளும். கழற்றும்போது தலைகீழ். நல்ல கையிலிருந்து முதலில். சட்டைக்கை விஷயத்தில் ஒரு டெய்லர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

துணி அறையில் போய் நின்றதைப் படித்துச் சிரிக்கவில்லை. ஆனால் அந்தத் தச்சர் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருந்திருப்பார் என்று நினைத்தேன். படுத்திருப்பவருக்கு வேறு என்ன வேலை?

இன்னொரு கேள்வி. குளிப்பாட்டும்போது ஒருவர் கண்ணை இறுக மூடிக்கொண்டே இருந்தால் என்ன அர்த்தம்? தூக்கமில்லை. தண்ணீர் சூடும் இல்லை. கூப்பிட்டாலும் திறப்பதில்லை. துடைத்து முடித்துப் போர்த்திய பிறகுதான் திறக்கிறார்கள் என்றால் என்ன செய்வது? உங்கள் டியூட்டரிடம் கேட்டு எழுதுங்கள்.

உங்கள்,
டெய்லர்

செப்டம்பர் 24

அன்புள்ள டெய்லரம்மாவுக்கு,

நான் சுகம். இன்றைக்கு ரொம்பவே சுகம். காரணத்தைக் கேள்.

நேற்று டியூட்டர் சிஸ்டர் மதிப்பீட்டுக்கு வந்து தச்சரின் தலைமாட்டில் நின்றார். "ம், சட்டை மாத்துங்க பாக்கலாம்." பழக்கதோஷத்தில் நான் தச்சரின் நல்ல கையைத்தான் முதலில் பிடித்தேன். உன் கடிதம் கண்முன் வந்து நின்றது. கையை மாற்றினேன். சட்டைக்கைக்குள் என் கையை விட்டு, அவர் விரல்களைச் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். வெண்ணெய் மாதிரி வந்தது. சிஸ்டர், "விரலைச் சேத்துப் பிடிக்கணும்னு யாரு சொன்னா? நான் இன்னும் நடத்தவே இல்லையே" என்றார். என் மனைவி டெய்லர் என்றேன்.

உன் கேள்விக்கு அவரிடம் கேட்க அவசியம் வரவில்லை. தச்சரும் கண்ணை மூடிக்கொள்கிறவர்தான். அவருக்கு வலிக்கிறதோ என்று இவ்வளவு நாள் பயந்தேன். நேற்று தைரியம் வந்து அவர் காதருகே குனிந்து கேட்டேன். "வெக்கமா இருக்குப்பா" என்றார். அவ்வளவுதான்! நான் சுவரைப் பார்த்ததும் அதற்குத்தான், அவர் கண்ணை மூடியதும் அதற்குத்தான். இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் வெட்கப்பட்டுக்கொண்டு மூன்று வாரம் ஓட்டியிருக்கிறோம்.

இனி முறை இது. துடைக்கிற இடத்தை மட்டும் திற, மற்றதெல்லாம் போர்வைக்குள் இருக்கட்டும். ஒவ்வொன்றையும் கேட்டுவிட்டுச் செய். இடுப்புக்குக் கீழே வரும்போது ஈரத்துணியை அவருடைய நல்ல கையில் கொடுத்து, "நீங்களே தொடச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நின்றுகொள். முடிந்த மட்டும் அவரே செய்வார். இன்று அப்படித்தான் செய்தேன். தச்சர் கண்ணைத் திறந்துகொண்டு, ஜன்னல் கட்டை சரியாக இழைக்கவில்லை என்று குறை சொல்லிக்கொண்டே குளித்தார்.

அப்பாவிடம் சொல், மகன் தேறிவிட்டான் என்று.

உன்,
கண்டக்டர்

செப்டம்பர் 25

நேற்றுக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வரும்போதுதான் உறைத்தது. நீ கடைத் தையல் பொம்மைக்குச் சட்டை மாட்டிப் பார்த்துத்தான் என்னைத் திருத்தினாய் என்று நினைத்திருந்தேன், ஆனால் பொம்மைக்கு விரல் மடங்காது. கண்ணையும் மூடாது.

யாருடைய கை?

அக்டோபர் 1

அன்புள்ள கண்டக்டருக்கு,

மாமாவுடைய கை. இடது கை, இடது கால்.

ஆகஸ்ட் 12-ம் தேதி காலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் உதவியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். எட்டு நாள் இருந்தோம். உயிருக்கு ஆபத்தில்லை, மெதுவாகத்தான் தேறும் என்று அனுப்பிவிட்டார்கள். பேச்சு கொஞ்சம் குழறினாலும் புரிகிறது.

'வாருங்கள்' என்று எழுதச் சொன்ன உங்கள் கடிதம், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று வாசலில் கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஒரு வார்த்தை எழுதினால் வந்துவிடுவீர்கள். எனக்கும் நீங்கள் வர வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் பயந்து ஓடிவருவதற்கு நல்ல காரணம் கிடைத்துவிட்டால், அதற்கப்புறம் ஜென்மத்துக்கும் திரும்பிப் போகமாட்டீர்கள். அப்பாவுக்காக வந்தேன் என்று சொல்லிக்கொள்வீர்கள். உள்ளுக்குள் அது உங்களை அரித்துக்கொண்டே இருக்கும். மாமாவும், "அவனுக்கு எழுதாத" என்று முதல் நாளே சொன்னார். கோபத்தில் சொன்னாரா, வேறு எதிலா என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னதற்காக நான் மறைக்கவில்லை. நானாகத்தான் மறைத்தேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.

நீங்கள் எழுதியதையெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் எல்லாம் செய்தேன். கடிதத்தைத் தலையணையில் குத்திவைத்துக்கொண்டு சத்தமாகப் படிப்பேன், அவரும் கேட்டுக்கொண்டிருப்பார். நேற்று ஈரத்துணியை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்றேன். அப்புறம், "முடிஞ்சுது, திரும்பும்மா" என்றார். கண்ணைத் திறந்திருந்தார். இத்தனை நாளும் மருமகள் முன்னால் அந்த மனிதர் என்ன பாடுபட்டிருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது. கொல்லைப்புறம் போய் அழுதுவிட்டு வந்தேன்.

மற்றபடி எனக்கு ஒரு குறையும் இல்லை. மெஷினும் ஓடுகிறது. இன்னும் ஒரு மாதம்தானே. முடித்துவிட்டு வாருங்கள்.

உங்கள்,
டெய்லர்

அக்டோபர் 7

டெய்லருக்கு,

அன்புள்ள என்று போட இன்று மனம் வரவில்லை. ஏழு வாரம்! நான் இங்கே பொம்மைக் கதையும் தச்சர் கதையும் எழுதிக்கொண்டிருக்க, நீ அங்கே என் அப்பாவைத் தனியாகத் திருப்பிப் படுக்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறாய். எனக்கு உன் மேல் கோபம். நீ கணக்கிட்டது அத்தனையும் சரி என்பதில் இன்னும் கோபம்.

உன் கடிதம் கிடைத்த உடனே பையைக் கட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய், ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தும்விட்டேன். போக ஒரு நாள், வர ஒரு நாள், அங்கே ஒரு நாள். சரியாக மூன்று நாள். வருஷம் போனால் போகட்டும் என்றுதான் இருந்தேன். கண்டக்டர் வந்து, "எங்க சார்?" என்றார். ஊர் பெயர் வாய்வரை வந்துவிட்டது. அப்பாவிடம் போய் நான் என்ன செய்யப்போகிறேன் என்று யோசித்தேன். நீ ஏற்கெனவே செய்வதைத்தான் செய்வேன், உன் அளவுக்குக்கூட வராது. தச்சருக்கு மறுநாள் காலை வேறு யாரோ வந்து நல்ல கையில் சட்டையை மாட்டி இழுப்பார்கள். இறங்கிவிட்டேன். இந்தத் தடவை பயத்தில் இறங்கவில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

31-ம் தேதியோடு முடிகிறது. பிறகு பத்து நாள் விடுமுறை. அப்பாவிடம் கேள். நான் அவரைத் தொடலாமா என்று கேள். வேண்டாம் என்றால் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன்.

சாப்பிடுகிறாயா? நேரத்துக்குச் சாப்பிடு.

உன்,
கண்டக்டர்

அக்டோபர் 19

மகனுக்கு,

அப்பா எழுதுவது. என் சுகம் உனக்கு விவரமாக எழுதப்பட்டுவிட்டதால் அதை விடுகிறேன். வலது கை நன்றாக இருக்கிறது என்பதற்கு இந்தக் கடிதம் போதும். தபால்காரர் வாசலுக்கு வரும் நேரம் பார்த்து, மருமகள் கடைக்குப் போயிருக்கும்போது கொடுத்து அனுப்புகிறேன்.

செப்டம்பர் 4 கடிதத்தில் நீ விட்ட தப்பை முதலில் கண்டுபிடித்தது என் தோள். இருபத்தெட்டு வருஷ செக்கிங்கில் இவ்வளவு வலித்த தப்பு ஒன்றை நான் பிடித்ததில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கியது சரி.

நீ கிளம்பிய அன்று நான் சொன்ன வார்த்தை உனக்கு மறந்திருக்காது. எனக்கும் மறக்கவில்லை. அந்த வேலையைத்தான் மருமகள் இரண்டு மாதமாக எனக்கு முகம் சுளிக்காமல் செய்கிறாள். ஒவ்வொரு நாளும் அந்த வார்த்தை என் காதில்தான் விழுகிறது. எழுதாதே என்று அவளிடம் சொன்னது உன் மேல் கோபத்தில் இல்லை. எந்த முகத்தோடு உன்னைப் பார்ப்பது என்று தெரியாமல்தான்.

விடுமுறைக்கு வா. இருக்கிற பத்து நாளும் நீயே என்னைக் குளிப்பாட்டு. எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். உனக்கும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

அவள் உனக்கு எழுதியிருக்க மாட்டாள். தண்ணீரிலும் மருந்திலும் ஊறி ஊறி அவள் விரல்கள் எல்லாம் வெடித்துவிட்டன. ஊசி பிடிக்க முடியவில்லை. மெஷினை மூடிவைத்து மூன்று வாரம் ஆகிறது. கேட்டால், "ஆர்டர் இல்ல மாமா" என்கிறாள். நேற்றுகூட ஒரு அம்மா வந்து, தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனாள். நான் தூங்குவது போல இருந்துவிட்டேன்.

வரும்போது கைக்குப் போடுகிற களிம்பு நல்லதாகப் பார்த்து வாங்கி வா. நான் எழுதினேன் என்று சொல்லாதே. நர்ஸுக்குப் படிக்கிறவன், அவள் கையைப் பார்த்ததும் நீயே கண்டுபிடித்ததாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா